சின்ன ரவுட்டர் கையை மீறி ஓடியது ஏன்? வேப்பம் பலகையில் விளிம்பு உருட்டுவது பற்றி

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா ஒரு சின்ன ரவுட்டரும் (சுழலும் பிட்டால் மரத்தில் விளிம்பும் பள்ளமும் வெட்டுகிற கைமெசின்) அதற்கொரு ஸ்ரெப்டவுன் பெட்டியும் (வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி) கொண்டுவந்து தந்திருக்கிறார். ரவுணில் ஒரு ஹாட்வெயார் கடையில் பெட்டியோடு விற்கிற பிட் (மெசினில் மாட்டுகிற வெட்டுப் பல்) தொகுதியொன்றை வாங்கி, வேப்பம் பலகையில் செய்த படிக்கிற மேசையின் விளிம்பை உருட்ட, அதாவது வளைவாக்கப் பார்த்தீர்கள். பாதியில் மெசின் கையை இழுத்துக்கொண்டு விளிம்பு வழியே ஓடிவிட்டது. ஒரு மூலையில் பெரிய சிலாம்பு பெயர்ந்து போனது. மற்றப் பக்கம் விளிம்பு கறுத்துக் கருகியது. கையுறை போட வேண்டுமா, பிட் மலிவு என்பதாலா, பெரிய மெசின் வாங்கினால் சரிவருமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிகிற வரையில் அந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: மெசின் ஏன் என் கை சொன்னதைக் கேட்கவில்லை?

நான் தளபாடப் பட்டறையில் வேலை பழகியவன். இப்போது கதவு, யன்னல், அலுமாரி செய்து கொடுக்கிறேன். பழக வருகிற பொடியளுக்கு ரவுட்டரை முதன்முதலில் கையில் கொடுப்பதும் என் பொறுப்புத்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மெசின் ஓடியதற்குக் காரணம் அநேகமாக நீங்கள் தள்ளிய திசை. சிலாம்பு பெயர்ந்ததற்குக் காரணம் பக்கங்களை எடுத்த ஒழுங்கு. கருகலுக்குக் காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். கையுறை வேண்டாம். பெரிய மெசின் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் திசையைப் பற்றிக் கதைக்க முன்னர் உங்கள் கதையில் என்னைப் பயமுறுத்திய ஒரு இடம் இருக்கிறது. கனடா மெசினில் இங்கே வாங்கிய பிட்.

கனடா, அமெரிக்கா மெசின்களில் பிட்டின் தண்டைப் பிடிக்கிற கொலெட் கால் அங்குல அளவில் வரும். அது 6.35 மி.மீ. இங்கே கடைகளில் கிடைக்கிற பிட்களில் கால் அங்குலத் தண்டும் உண்டு, 6 மி.மீ. தண்டும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 6.35 தண்டு 6 கொலெட்டுக்குள் நுழையாது, அதனால் ஆபத்தில்லை. மறுபக்கம் தான் ஆபத்து. 6 மி.மீ. தண்டு 6.35 கொலெட்டுக்குள் சுகமாக நுழையும், நட்டை இறுக்கினால் இறுகியது போலவும் இருக்கும். ஆனால் கொலெட் தண்டைச் சுற்றிவரப் பிடிக்காமல் இரண்டு மூன்று கோட்டில் மட்டும்தான் பிடிக்கும். சுமை ஏறியதும் பிட் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், அல்லது ஒருபக்கம் சாய்ந்து அதிரும். மோசமாகப் போனால் கழன்று பறக்கும். வேர்னியர் (நுண்ணளவு எடுக்கிற கருவி) இருந்தால் தண்டை அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கியாவது அளவுங்கள். 6 என்று வந்தால் அந்தப் பெட்டியைக் கடையில் மாற்றிக் கால் அங்குலத் தண்டு எடுங்கள், அல்லது உங்கள் மெசின் மொடலுக்கு 6 மி.மீ. கொலெட் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இடையில் தகரம் சுற்றி, பேப்பர் சுற்றி இறுக்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

அளவு சரியென்றால் பிட்டை மாட்டுகிற முறை. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக் உங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்க வேண்டும். கொலெட்டையும் தண்டையும் துணியால் துடையுங்கள். உள்ளே மரப்பொடி ஒட்டியிருந்தால் பிடி குறையும். பிட்டை அடிவரை விட்டு, பின்பு 2, 3 மி.மீ. வெளியே இழுத்து வைத்து இறுக்குங்கள். அடியில் முட்டியபடி இறுக்கினால் கொலெட் தண்டைப் பிடித்துக் கீழே இழுக்க இடமில்லாமல் பிடி அரைகுறையாகும். தண்டும் வெட்டுப்பகுதியும் சேருகிற இடத்தில் வளைவு ஒன்று இருக்கும், அது கொலெட்டுக்குள் போகக்கூடாது. குறைந்தது 20 மி.மீ. தண்டு உள்ளே இருக்க வேண்டும். ஆழம் போதாதென்று பிட்டை வெளியே இழுத்து நீட்டி வேலை செய்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது கூடாத பழக்கம். இறுக்கிய பிறகு ஒரு மாக்கர் பேனாவால் தண்டிலும் நட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். ஒரு ஓட்டம் ஓடியபின் நிறுத்திப் பார்த்தால் கோடு உடைந்திருக்கிறதா, ஒரே கோடாக நிற்கிறதா என்று தெரியும். உடைந்திருந்தால் பிட் வழுக்கியிருக்கிறது. பிட் இல்லாமல் வெறும் நட்டை இறுக்கி வைக்கவும் கூடாது, கொலெட் நசுங்கிவிடும்.

கரண்ட் பக்கம் சுருக்கமாக. மெசினின் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்றுதான் இருக்கும். நமது வீட்டில் 230. பிளக்கின் தட்டைக் காலுக்கு ஒரு அடப்டர் போட்டால் சுவரில் பொருந்திவிடும் என்பதற்காக ஒருநாளும் நேராகச் செருகாதீர்கள். மோட்டர் கருகுவது ஒருபுறம் இருக்க, அதற்கு முன்னர் பிட் தாங்கமுடியாத வேகத்தில் சுற்றும். ஸ்ரெப்டவுன் பெட்டி வைத்திருப்பது நல்லது, ஆனால் அதன் வற் அளவைப் பாருங்கள். 6 அம்பியர், 120 வோல்ட் என்றால் மெசின் சுமார் 720 வற் இழுக்கும். பெட்டி அதற்கு ஒட்டினாற்போல் இருந்தால் சூடேறும், இரண்டு மடங்கு அளவுக்கு இருந்தால் மனம் ஆறுதல். நமது 50 ஹேர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், காபன் பிரஷ் உள்ள இந்த வகை மோட்டர் அதில் ஓடும். இன்னொன்று: வேலை நடக்கும்போது கரண்ட் போனால் முதலில் செய்ய வேண்டியது சுவிட்சை நிறுத்துவது. சின்ன ரவுட்டர்களில் சுவிட்ச் தள்ளினால் அப்படியே நிற்கிற வகை. கரண்ட் போயிற்றென்று மேசையில் படுக்க வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால், கரண்ட் வரும்போது மெசின் தானாகவே எழும்பி ஓடும். வீட்டு மின்பலகையில், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆனால் ஒன்று, ஸ்ரெப்டவுன் பெட்டிக்குப் பின்னால் வருகிற கசிவை அந்த ட்ரிப் எப்போதும் பிடிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இந்த வேலை செய்யக்கூடாது.

இப்போது திசை. இதை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் பாதி விளங்கினது மாதிரி. மெசினைக் கையில் பிடித்து மேலிருந்து பார்த்தால் பிட் மணிக்கூட்டு முள் சுற்றுகிற திசையில் சுற்றுகிறது. நீங்கள் மேசையின் ஒரு விளிம்புக்கு முன்னால் நிற்கிறீர்கள், விளிம்பு உங்கள் வயிற்றுப் பக்கம், பலகை உங்களுக்கு அப்பால். பிட்டின் எந்தப் பக்கம் மரத்துக்குள் இருக்கிறது? உங்களுக்குத் தூரமான பக்கம். அந்தப் பக்கத்தில் பல் இடமிருந்து வலமாக ஓடுகிறது. பல் மரத்தை வலப்பக்கம் தள்ள, மரம் மெசினை இடப்பக்கம் தள்ளும். ஆகவே நீங்கள் இடமிருந்து வலமாகத் தள்ளினால் மெசின் உங்களை எதிர்க்கும். அந்த எதிர்ப்புத்தான் உங்களுக்குக் கடிவாளம். வலமிருந்து இடமாகத் தள்ளினால் மரம் தள்ளுகிற பக்கமும் நீங்கள் தள்ளுகிற பக்கமும் ஒன்றாகிவிடும். கொஞ்ச நேரம் மெசின் பாரமே இல்லாததுபோல் சுகமாகப் போகும், பிறகு ஒரு இடத்தில் பல் மரத்தைக் கவ்விக்கொண்டு ஓடும். நீங்கள் எழுதியது அச்சொட்டாக இதுதான்: "முதலில் நல்லாப் போனது, பிறகு திடீரென்று இழுத்தது."

பலகையின் வெளி விளிம்பை முழுக்கச் சுற்றி வருவதானால் மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். யன்னல் சட்டம், படச்சட்டம் போல உள்ளே வெட்டிய துளையின் விளிம்பானால் மணிக்கூட்டுத் திசை. இதை நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. வலது கையை உள்ளங்கை கீழே பார்க்க விரித்து, பெருவிரலை ஆட்காட்டி விரலுக்குச் செங்குத்தாக நீட்டுங்கள். பெருவிரல் மரத்தின் பக்கம் பார்க்கட்டும், அப்போது ஆட்காட்டி விரல் காட்டுகிற பக்கம்தான் தள்ளுகிற பக்கம். மெசினை ஓட்ட முன்னர் வெறுங்கையால் ஒருமுறை மேசையைச் சுற்றிவந்து பாருங்கள், நாலு பக்கத்துக்கும் பொருந்தும்.

விளிம்பில்லாமல் பலகையின் நடுவே காடி (நீளப் பள்ளம்) வெட்டும்போது இரண்டு பக்கமும் மரம் இருப்பதால் திசை முக்கியமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. முன்னோக்கித் தள்ளும்போது மெசின் எப்போதும் இடப்பக்கம் சாயப் பார்க்கும். அதனால் பலகையில் ஒரு நேர்ச்சட்டத்தைக் கிளாம்ப் பண்ணி அதை ஒட்டி ஓட்டுவதானால் சட்டம் மெசினுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். மெசின் தானாகவே அதில் சாய்ந்துகொண்டு போகும், காடி நேராக வரும். மெசினோடு வருகிற பக்க வழிகாட்டியைப் பாவித்தால் கணக்கு மாறும். அது பலகையின் விளிம்பை வெளியிலிருந்து அணைத்துக்கொள்கிற சாமான். அதை மெசினின் வலப்பக்கம் பொருத்தினால் மெசின் இடப்பக்கம் சாயும்போது வழிகாட்டி விளிம்போடு இறுகும். மாறிப் பொருத்தினால் காடி பாம்பு போன வழியாகிவிடும்.

மெசின் இழுக்கிற எதிர்த்திசையில், அதாவது விளிம்பில் வலமிருந்து இடமாக, வெட்டுவது முழுக்கத் தப்பா என்று அடுத்து கேட்பீர்கள். இதில் தொழில்காரருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நார் குறுக்கும் மறுக்குமாக ஓடுகிற மரத்தில், சரியான திசையில் போனால் நார் பிய்யும் என்று தெரிந்தால், கடைசிச் சீவலை அரை மி.மீ. அளவுக்கு எதிர்த்திசையில் எடுக்கிறவர்கள் உண்டு. நானும் எடுப்பதுண்டு. பல் நாரைக் கிளப்பாமல் அமத்தி வெட்டுவதால் விளிம்பு துப்புரவாக வரும். ஆனால் பலகை அசையாமல் இறுக்கியிருக்க வேண்டும், பிட் சின்னதாக இருக்க வேண்டும், மெசின் இழுக்கும்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று கைக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு நான் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. நீங்கள் இப்போதைக்கு இந்தப் பந்தியை வாசித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பலகையை எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்று எழுதவில்லை. தம்பி ஒரு பக்கம் அமத்திப் பிடிக்க நான் ஓட்டினேன் என்றால் அது கூடாது. இரண்டு ஜி கிளாம்பாவது வேண்டும், மற்றவரின் கை அந்தப் பலகையில் இருக்கக்கூடாது. விளிம்பில் ஓடும்போது மெசினின் அடித்தட்டில் பாதிதான் பலகையில் இருக்கும், மற்றப் பாதி வெறுவெளியில். பாரத்தை உள்பக்கக் கையில் வையுங்கள், வெளிப்பக்கக் கை சும்மா வழிகாட்டினால் போதும். அந்த மெசின் ஒரு கையால் பிடிக்கிற அளவுதான் என்றாலும் இரண்டு கையும் அதில் இருக்கட்டும். நாலு விரல் அகலமுள்ள ஒடுங்கிய பட்டியில் விளிம்பு உருட்ட வேண்டுமானால் பட்டியாக அறுத்தபின் உருட்டாதீர்கள். அகலப் பலகையிலேயே விளிம்பை உருட்டிவிட்டு, பிறகு வாளால் பட்டியை அறுத்து எடுங்கள். பிட் மரத்தில் முட்டாமல் இருக்கும்போது சுவிட்சைப் போட்டு, முழு வேகம் வந்தபின் உள்ளே கொண்டுபோங்கள். முடிந்ததும் வெளியே எடுத்து, சுழற்சி நிற்கும்வரை கையிலேயே வைத்திருங்கள்.

கையுறை விசயத்தில் எனக்குச் சந்தேகமில்லை, வேண்டாம். மரச்சில் குத்தாமல் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் சுற்றுகிற பிட்டில் நூல் ஒன்று சிக்கினால் கையுறை விரலையும் கூட்டிக்கொண்டு போகும். அதே காரணத்துக்காகச் சாரத்தோடு நின்று வேலை செய்ய வேண்டாம், கால்சட்டை போடுங்கள். கழுத்தில் துவாய், கையில் கோயில் நூல், தொங்குகிற சங்கிலி எதுவும் வேண்டாம். நூலைக் கழற்ற மனமில்லையென்றால் முழங்கைப் பக்கம் ஏற்றி, இறுக்கமான சட்டைக் கைக்குள் அடக்கிவிடுங்கள். கண்ணாடி கட்டாயம். வாசிக்கிற கண்ணாடி போதாது, பக்கமும் மூடுகிற வகை வேண்டும்.

ஆழம். சின்ன ரவுட்டரில், கால் அங்குலத் தண்டோடு, ஒரு ஓட்டத்தில் 3 மி.மீ. அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றுதான் பழக்குவேன். வைரம் பாய்ந்த முதிரையோ பாலையோ என்றால் அதிலும் பாதி. இது சட்டமல்ல, கைக்கணக்கு. பிட்டின் கூர், மரத்தின் ஈரம், மெசினின் வலு எல்லாம் சேர்ந்து அதைக் கூட்டும் குறைக்கும். நீங்கள் பாவித்த உருட்டுப் பிட் 9 மி.மீ. ஆரை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரே இறக்கில் முழு ஆழமும் விட்டிருந்தால், திசை சரியாக இருந்திருந்தாலும் மெசின் துள்ளியிருக்கும். முதல் ஓட்டம் 3, இரண்டாவது 6, மூன்றாவது 8.5, கடைசியாக ஒரு அரை மி.மீ. அந்தக் கடைசிச் சீவல்தான் விளிம்பைத் துப்புரவாக்குவது. அதை நிறுத்தாமல், ஒரே சீரான நடையில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை எடுங்கள். மெசினின் சத்தத்தைக் கேளுங்கள். குரல் தாழ்ந்து திணறினால் ஆழம் கூடிவிட்டது அல்லது கெதியாகத் தள்ளுகிறீர்கள். ஒரே கீச்சுக் குரலில் போனால் மெசின் சும்மா தேய்த்துக்கொண்டிருக்கிறது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. இந்தச் சின்ன மெசின்கள் பல நிமிடத்துக்கு 30,000 சுற்று அளவில் ஓடும். சிலவற்றில் வேகத்தைக் குறைக்கிற சில்லு இருக்கும், சிலவற்றில் இராது. 12 மி.மீ. விட்டமுள்ள பிட்டின் விளிம்பு அந்தச் சுழற்சியில் மணிக்கு 68 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதே சுழற்சியில் 50 மி.மீ. பிட் போட்டால் விளிம்பின் வேகம் மணிக்கு 280 கிலோமீற்றரைத் தாண்டும். இதனால்தான் 25 மி.மீ. வரையுள்ள பிட்டுக்கு 22,000 முதல் 24,000, 50 மி.மீ. வரை 18,000 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உங்கள் பிட்டின் தண்டிலோ பெட்டியிலோ அதிகூடிய சுற்று அச்சிட்டிருந்தால் அதுதான் இறுதிச் சொல். பெட்டியில் உள்ள பெரிய அலங்காரப் பிட்கள், கதவுப் பலகை சரிக்கிற அகலப் பிட்கள் எல்லாம் கையில் பிடிக்கிற மெசினுக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு அரை அங்குலத் தண்டும் மேசையில் கவிழ்த்துப் பூட்டிய பெரிய மெசினும் வேண்டும்.

இனிக் கருகல். ஒரு இடத்தில் பிட் தேவைக்கு மேல் நின்றால் மரம் கருகும். மூலையில் திரும்பும்போது, கை மாற்றும்போது, கரண்ட் வயர் எதிலாவது மாட்டிக்கொள்ளும்போது நிற்பீர்கள். பயத்தில் மெல்லமாகத் தள்ளுவதும் அதே விளைவைத்தான் தரும். மெசின் ஓடிய பிறகு பயந்து மற்றப் பக்கத்தை மிக மெதுவாக ஓட்டியிருப்பீர்கள், அதனால்தான் அந்தப் பக்கம் கறுத்தது என்று நினைக்கிறேன். கீழே விழுகிற தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சின்னச் சின்னச் செதிலாக இருந்தால் பிட் வெட்டுகிறது. மாப்போல் நைந்திருந்தால் பிட் அரைக்கிறது: ஒன்றில் நடை மந்தம், அல்லது பிட் மொட்டை. மூன்றாவது காரணம் பெயாரிங். உருட்டுப் பிட்டின் நுனியில் உள்ள அந்தச் சின்னச் சில்லு சுற்றாமல் இறுகிப்போனால் பிட்டோடு சேர்ந்து 30,000 சுற்றில் விளிம்பில் தேய்த்துக் கறுப்புக் கோடு போடும். பிளக்கைக் கழற்றிவிட்டு விரலால் சுழற்றிப் பாருங்கள், தனியாகச் சுற்ற வேண்டும்.

பிட் மலிவா என்ற கேள்விக்கு: மலிவுதான், ஆனால் உங்கள் மூன்று தொல்லையில் அதற்குரிய பங்கு சின்னது. பல் காபைட் (மிகக் கடினமான வெட்டுப் பொருள்) வைத்து ஒட்டியதா என்று பாருங்கள், சாம்பல் நிறத் துண்டு தனியாகத் தெரியும். வேம்பில் பிசின் உண்டு. கொஞ்ச நேரம் ஓடியதும் பல்லின் பின்பக்கம் பழுப்பாக ஒட்டும், அதைப் பார்த்துப் பிட் மொட்டையாகிவிட்டது என்று எறிகிறவர்கள் அதிகம். பெயாரிங்கை அலன் கீயால் கழற்றி வைத்துவிட்டு, பிட்டை மண்ணெண்ணெயில் சிறிது நேரம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். பெயாரிங்கை ஊறவிட வேண்டாம், உள்ளிருக்கிற கிரீஸ் கரைந்துவிடும். துடைத்துக் காயவிட்டபின் பூட்டுங்கள். புதிதாக வாங்குவதானால் இன்னொரு பெட்டி வேண்டாம், உங்களுக்குத் தேவையான அளவில் நல்ல உருட்டுப் பிட் ஒன்றும் நேர்ப் பிட் ஒன்றும் தனியாக வாங்குங்கள்.

மூலைச் சிலாம்புக்கு வருவோம். பலகையின் குறுக்கு முனையில் (நார் வெட்டுப்பட்டு முடிகிற பக்கம்) பிட் மூலையைத் தாண்டி வெளியே வரும் கணத்தில் நாருக்குப் பின்னால் அணைப்பு எதுவும் இல்லை, அதனால் பிய்ந்துகொண்டு போகும். இதற்கு ஒழுங்கு உண்டு. இரண்டு குறுக்கு முனைகளையும் முதலில் எடுங்கள், நீளப் பக்கங்களைப் பின்னர் எடுங்கள். முனையில் கொஞ்சம் பிய்ந்தாலும் நீளப் பக்கத்தை ஓட்டும்போது அது வெட்டுப்பட்டுப் போகும். அதோடு, மூலையில் அதே தடிப்பான கழிவுக் கட்டை ஒன்றை ஒட்டினாற்போல் கிளாம்ப் பண்ணிவிட்டால் பிய்வது அந்தக் கட்டையாகத்தான் இருக்கும். நுட்பமான வேலையானால் காடியின் ஓரத்தைக் கத்தியால் ஆழமாகக் கீறிவிட்டு வெட்டுகிறோம், பழைய ஓடாவிமார் உளியால் செய்த அதே வேலை.

நமது மரங்களின் குணமும் இதில் சேரும். வேம்பின் நார் ஒரே பக்கம் ஓடாது, ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை அப்படியுமாகப் பின்னியிருக்கும். ஒரே விளிம்பில் பாதி வழுவழுப்பாகவும் பாதி பிசிறாகவும் வந்தால் குற்றம் உங்களுடையதல்ல. ஆழத்தைக் குறைத்துக் கடைசிச் சீவலை மெல்லியதாக எடுப்பதுதான் வழி. முதிரையும் அப்படித்தான், அதோடு கல்லுப்போல் இருக்கும். மகோகனியும் பலாவும் கைக்கு அடங்கிய மரங்கள், பழகுவதற்கு அவற்றின் துண்டு கிடைத்தால் நல்லது. தேக்கில் இருக்கும் சிலிக்கா கூரை வேகமாகத் தின்னும். பனையில் கறுத்த நார் இரும்புபோலவும் இடையிலிருப்பது சோறுபோலவும் இருக்கும், பிட் இரண்டுக்கும் நடுவில் துள்ளும். பனஞ்சட்டத்தில் அலங்கார வேலை வேண்டாம், நேர்க்காடி மட்டும், அதுவும் ஒன்றரை மி.மீ. ஆழமாகப் பல தடவையில்.

பழைய வீடு கழற்றிய மரம் பாவிப்பவர்களுக்கு ஒரு சொல். நமது ஊரில் அது மலிவாகக் கிடைக்கும், நல்ல வைரமாகவும் இருக்கும். ஆணி இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். சன்னமும் ஷெல் சிதறலும் உள்ளே கிடக்கக்கூடிய மண் இது என்பதை மறக்கக்கூடாது. காந்தம் மேலோட்டமாகக் கிடக்கும் இரும்பைக் காட்டும், ஈயத்தையும் பித்தளையையும் காட்டாது. உலோகம் தேடுகிற சின்னக் கருவியொன்றை மரக்காலைக்காரரிடம் கேட்டு வாங்கித் தடவிப் பாருங்கள். மரத்தில் நீலக்கறுப்பான கறை தெரிந்தால் அதற்குள் இரும்பு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். அந்த வேகத்தில் காபைட் பல் இரும்பில் பட்டால் உடைந்து பறக்கிற துண்டு முகத்துக்குத்தான் வரும்.

தூசும் சத்தமும் உடனே தெரியாத ஆபத்துகள். மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வகைப்படுத்தியது. மூக்குப் பகுதியில் வருகிற புற்றுநோய்தான் அதில் முக்கியம். இது வருடக்கணக்காகத் தூசுக்குள் நிற்பவர்களைப் பற்றியது, ஒரு மேசை விளிம்புக்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் என் 95 மாஸ்க் ஒன்று போடுவதற்கு எந்தக் கஷ்டமும் இல்லை. முதிரைத் தூசு சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும். எல்லோருக்கும் அல்ல. உங்களுக்கு வந்தால் அந்த மரத்தை விடுவதே வழி. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அமத்திச் செய்த) பலகையானால் தூசு மாவிலும் நுண்மையானது, அதை மூடிய அறையில் வெட்டாதீர்கள். முற்றத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். சத்தம் 100 டெசிபெல் என்றால் காது மூடாமல் நாளொன்றுக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ரவுட்டர் மரத்தில் ஓடும்போது அந்தச் சுற்றுவட்டாரத்துக்குத் தாராளமாகப் போகும். காதுமூடி போடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

பெரிய மெசினைப் பற்றி: அரை அங்குலக் கொலெட் உள்ள பெரிய மெசின் உங்கள் தொல்லை ஒன்றையும் தீர்க்காது. அதே தவறான திசையில் அது இன்னும் பலமாக ஓடும். கதவு நிலைகளில் ஆழமான காடி வெட்டுகிற தொழில் தொடங்கினால் அப்போது யோசிக்கலாம். ஒரு மேசைக்கும் ஒரு சாமித்தட்டுக்கும் சித்தப்பா தந்தது போதும்.

கடைசியாக உங்கள் மேசை. கருகலை அரத்தாளால் தேய்த்துத் தேய்த்து விளிம்பின் வடிவத்தைக் கெடுக்க வேண்டாம். ஸ்கிரேப்பர் இருந்தால் அதால், இல்லாவிட்டால் உடைந்த கண்ணாடித் துண்டின் நேர் விளிம்பால், நாரோடு சேர்த்துச் சுரண்டி எடுங்கள். பிடிக்கிற பக்கத்தைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். பெயர்ந்த சிலாம்பு கையில் இருந்தால் வெள்ளைப் பசை பூசி, டேப்பால் இறுக்கி ஒரு இரவு விட்டால் இணைந்துவிடும், அதன்மேல் அரை மி.மீ. சீவல் ஒன்று எடுக்கலாம். எறிந்திருந்தால், அந்தக் குறுக்கு முனையில் சிலாம்பு போன ஆழத்துக்கு முழு அகலத்தையும் வாளால் அறுத்து, முனையின் இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சீவுளி பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் குட்டையாகத் தெரியாமல் இருக்க மற்ற முனையிலும் அவ்வளவே எடுங்கள். பிறகு மூலையில் கழிவுக் கட்டையைக் கட்டி, குறுக்கு முனையிலிருந்து, இடமிருந்து வலமாக, 3 மி.மீ. ஆழத்தில் தொடங்குங்கள்.